பதில் வெளிச்சம்

பிற்பகல் மூன்று மணிக்குக் கிழக்கு ஜன்னல் வழியாக வெயில் வரக் கூடாது.

தளவாய் பாயில் மல்லாந்து கிடந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். மேலே உத்தரத்திலிருந்து கீழே சாணம் மெழுகிய தரை வரைக்கும் எதிர்ச்சுவர் முழுவதும் வெளுத்திருந்தது. மோரில் நிறையத் தண்ணீர் விட்டாற்போல நீர்த்த வெளிச்சம். சூரியன் அந்நேரம் தெருப்பக்கம், மேற்கே சாய்ந்துவிட்டது. கிழக்கே இருப்பதெல்லாம் வாழைத் தோட்டமும், வெற்றிலைக் கொடிக்காலும், அதற்கப்பால் ஆறும்தான். படித்துறையில் யாராவது வெண்கலப் பானையைக் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டு புரண்டு படுத்தான்.

சுவர் அணைந்தது. மறுபடி வெளுத்தது, கண் இமைக்கும் நேரம். அணைந்தது. பிறகு சற்று நீண்டு ஒரு வெளிச்சம், இன்னொரு நீண்ட வெளிச்சம்.

ஒரு குட்டை, இரண்டு நெட்டை. கழுவிக் கவிழ்த்த பானைக்கு இப்படியெல்லாம் மின்னத் தெரியாது. தளவாய் எழுந்து உட்கார்ந்தான். அவன் உதடுகள் அவனைக் கேட்காமலேயே தந்தி எழுத்துக்களைச் சேர்த்தன. குட்டை நெட்டை. நெட்டை. குட்டை. குட்டை நெட்டை குட்டை. வாட்டர்.

தண்ணீர்.

சுவர் சிறிது நேரம் சும்மா இருந்தது. பதிலுக்குக் காத்திருக்கிற சும்மா அது, தளவாய்க்கு நன்றாகத் தெரியும். பிறகு அதே வார்த்தை முதல் எழுத்திலிருந்து மறுபடி தொடங்கியது.

அது நாற்பத்திரண்டாம் வருஷத்து வைகாசி. ஏரலுக்கு மேற்கே இரண்டு மைலில் இருக்கிற தன் சொந்த ஊருக்கு லீவில் வந்து அவனுக்கு அன்றோடு மூன்று நாள். தூத்துக்குடித் துறைமுகத்துக் காவல் கோபுரத்தில் கண்ணாடி சிக்னல் பார்க்கிற பட்டாள வேலை அவனுக்கு. முக்காலியின் மேல் ஐந்து அங்குல வட்டக் கண்ணாடி. அதன் சாவியை அழுத்தினால் கண்ணாடி ஒரு மயிரிழை சாய்ந்து, சூரியனைப் பிடித்து எட்டு மைலுக்கு அப்பால் எறியும். எட்டு மைலுக்கு அப்பால் காரைச்சல்லித் தீவில், அதே மாதிரி ஒரு கண்ணாடியோடு அம்புரோஸ் இருந்தான்.

இருந்தான்.

ஒயர் வேண்டாம், கம்பம் வேண்டாம், எதிரிக்குக் காதில் விழாது. இதில் ஒரே ஒரு கட்டாயம் உண்டு. வார்த்தைக்கு வார்த்தை பதில் கொடுக்க வேண்டும். ஒரு வார்த்தை வந்து சேர்ந்ததும் வாங்குகிறவன் ஒரு நீண்ட வெளிச்சம் காட்ட வேண்டும். அது வராத வரைக்கும் அனுப்புகிறவன் அடுத்த வார்த்தைக்குப் போக மாட்டான். அதே வார்த்தையையே அடித்துக்கொண்டிருப்பான்.

தளவாய் ஜன்னல் கதவைச் சாத்தித் தாழ் போட்டான். பலகை இடுக்குகளில் வெளிச்சம் கோடு கோடாக வந்து அணைந்தது. பொழுது சாயும் வரைக்கும் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். முதுகிலும் அதன் சூடு தெரிந்தது.

"என்ன இது, இந்த வேக்காட்டுல சன்னல அடச்சிக்கிட்டு உக்காந்திருக்கிய?" என்று கேட்டாள் அவன் மனைவி பேச்சித்தாய்.

"தலவலி. நீ சோலியப் பாரு, ஏளா."

பங்குனியில், ஈஸ்டரன்று கொழும்பில் குண்டு விழுந்த சேதி மறுநாள் தூத்துக்குடிக்கு வந்தது. அன்று மத்தியானமே ஊர் காலியாகத் தொடங்கிவிட்டது. கோபுரத்தின் மேலிருந்து பார்த்தால், வெள்ளை வெளேரென்று எரிகிற உப்பளங்களைத் தாண்டிப் புதுக்கோட்டைக் கிராமத்து வழியே திருநெல்வேலி ரோடு முழுக்க மாட்டு வண்டிகள், வண்டிகளின் மேல் கட்டில், ஆட்டுக்கல், கோழிக்கூடு. தோணிக்காரர்கள் தோணிகளைக் கரையில் ஏற்றிவிட்டுப் போய்விட்டார்கள். வாரம் ஒருமுறை தீவுக்குத் தண்ணீர்ப் பீப்பாய் கொண்டுபோகிற தோணியும் அதில் ஒன்று. தீவில் கிணறு கிடையாது. தோண்டினால் கடல்தான் வரும். அம்புரோஸோடு இருந்த எடுபிடி ஆள் காய்ச்சலோடு முந்தின வாரமே கரைக்கு வந்துவிட்டான். அம்புரோஸ் மட்டும் தனியே.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குக் கடலின் விளிம்பில் தீவுக் கண்ணாடி ஒரு நட்சத்திரமாக எழுந்தது. வாட்டர். தளவாயின் கை சாவியின் மேல்தான் இருந்தது. ஒரு நெட்டை அடித்தால் போதும். ஆனால் அடித்தால் அடுத்த வார்த்தைக்கு உட்கார வேண்டும், முழுச் செய்தியையும் நோட்டில் ஏற்ற வேண்டும், ஆபீஸில் கொடுக்க வேண்டும், அவர்கள் லாஞ்சுப் படகு அனுப்பும் வரை இடத்தைவிட்டு அசையக் கூடாது. கீழே அவனை ஏற்றிக்கொள்கிறேன் என்ற வண்டிக்காரன் ஏற்கெனவே இரண்டு தடவை சத்தம் கொடுத்துவிட்டான். ஜப்பான்காரன் கடலில் மணப்பாட்டுக்கு நேரே வந்துவிட்டான் என்று ரோடெல்லாம் பேச்சு.

தளவாய் கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு இறங்கினான். படிக்கட்டில் திருப்பத்துக்குத் திருப்பம் சின்ன ஜன்னல்; ஒவ்வொரு ஜன்னலிலும் அந்த நட்சத்திரம் மினுங்கியது. வண்டியில் ஏறி இரண்டு மைல் போன பிறகும், கரையைத் தடவித் தேடிக்கொண்டு உப்பளத்துக்கு மேலே அது விட்டு விட்டு எரிந்தது. யாராவது பார்த்துச் சொல்வார்கள் என்று அவன் தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். அதைப் படிக்கத் தெரிந்தவன் அந்தக் கரையில் தான் ஒருவன்தான் என்பது தெரிந்தேதான் சொல்லிக்கொண்டான்.

ஜப்பான்காரன் வரவில்லை. ஐந்தாம் நாள் தளவாய் கோபுரத்துக்குத் திரும்பினான்; ஆபீஸிலும் பாதிப் பேர் ஊரைவிட்டுப் போயிருந்ததால் அவனை யாரும் தேடவில்லை. கடல் விளிம்பில் ஒன்றும் இல்லை. விட்டுப்போன நாட்களுக்கெல்லாம் நோட்டில் 'சிக்னல் இல்லை' என்று ஒரே கையெழுத்தில் எழுதி முடித்தான். அப்போதாவது ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் நோட்டில் எழுதியதைத் திருத்த வேண்டியிருக்கும், திருத்தினால் ஏன் என்று கேட்பார்கள், பட்டாளத்தில் ஓடிப்போனவனுக்கு என்ன தண்டனை என்று அவனுக்குத் தெரியும். எட்டாம் நாள்தான் தோணி போயிற்று. முக்காலியின் பின்னால் உட்கார்ந்தபடியே இருந்தானாம் அம்புரோஸ். பாய்த்துணியில் சுற்றிக் கரையில் இறக்கும்போது, வலது கை ஆள்காட்டி விரல் மட்டும் துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சாவியை அழுத்துகிற வளைவிலேயே அது நின்றுவிட்டது. நிமிர்த்தப் பார்த்தார்கள், வரவில்லை.

அடக்கம் முடிந்த மறுவாரம் அம்புரோஸின் பெண்சாதி பிளாரன்ஸ் கோபுரத்தடிக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அவரு கண்ணாடி அடிச்சாரா, அடிக்கலையா? தூங்கிப் போனாருன்னு ஆபீஸுல எழுதிட்டாவ. எட்டு நாளு ஒரு மனுசன் எப்பிடி அண்ணாச்சி தூங்குவாரு?"

"இல்லம்மா. ஒரு வெளிச்சமும் வரல."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். உங்கள மாதிரி கண்ணு யாருக்கும் கெடையாதும்பாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த வார்த்தைக்குப் பிறகு தளவாயால் கோபுரத்தில் உட்கார முடியவில்லை. தகப்பனுக்குச் சீக்கு என்று பொய் சொல்லி லீவு வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தான். ஊரில் எங்கு திரும்பினாலும் தண்ணீர். வாய்க்காலின் சத்தம் இரவெல்லாம் கேட்கும். பேச்சித்தாய் விடிகாலையில் ஆற்றுக்குப் போய் மூன்று குடம் கொண்டு வந்து அடுக்களையில் வரிசையாக வைப்பாள். தளவாய் சொம்பை வாயருகே கொண்டுபோவான்; குடிக்காமலேயே கீழே வைத்துவிடுவான்.

மறுநாளும் வந்தது வெளிச்சம். காலை நேரம் ஒன்றுமில்லை. உச்சி திரும்பியதும் தொடங்கி, பொழுது சாயும் வரைக்கும். இரவுதான் அவனுக்கு நிம்மதி. ஊரார் விளக்கை அணைக்கும்போது அவனுக்கு உயிர் வரும்.

அது ஒரே இடத்தில் நிற்கவில்லை. சுவரை விட்டு நகர்ந்து, கூரையைத் தடவி, வைக்கோல் படப்பின் மேல் ஏறி, பக்கத்து வீட்டுத் தொழுவத்துக்குப் போய்த் திரும்பியது. தேடியது. தளவாய்க்கு அதுவும் புரிந்தது. பயிற்சியில் ஹவில்தார் சங்கரபாண்டியன் அடித்து அடித்துச் சொன்ன பாடம்: "கண்ணாடி வெளிச்சம் சாட்டை மாதிரிலே, ஒரு பக்கமாத்தான் போவும். நீ பதில் குடுக்குத வரைக்கும் அவன் உன்னத் தேடிக்கிட்டுத்தான் இருப்பான். குடுத்தியா, ஒன் எடம் அவனுக்குத் தெரிஞ்சு போச்சு."

அதோடு இன்னொரு கணக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார். கண்ணாடி எவ்வளவு தூரமோ, அதில் நூற்றில் ஒரு பங்கு அகலத்துக்கு வெளிச்சம் பரவும். ஆயிரம் அடி தள்ளி நின்று அடித்தால் பத்தடிச் சுவர் நிறையும். கிட்ட வர வர வட்டம் சிறுக்கும், சுடும்.

முதல் நாள் சுவர் போதவில்லை. மூன்றாம் நாள் சுவரில் அடங்கியது. ஐந்தாம் நாள் வண்டிச் சக்கரத்தின் அகலம்தான் இருந்தது.

ஆறாம் நாள் காலையில், வெளிச்சம் வராத நேரமாகப் பார்த்து, தளவாய் தோட்டத்து வழியே கிழக்கே நடந்தான். வாழை மூடுகளில் பாய்ந்த தண்ணீர் காலடியில் சொதசொதவென்றது; கொடிக்காலின் வெற்றிலைக் காரம் மூக்கில் ஏறியது. சக்கரத்தின் அகலத்துக்குக் கணக்குப் போட்டால் ஐந்நூறு அடி. வரப்பு முடிகிற இடம். அங்கே ஈரக் களிமண்ணில் மூன்று குழிகள், முக்காலி ஊன்றினாற்போல. குனிந்து தொட்டான். சுற்றிலும் சேறு. குழிக்குள் மட்டும் உலர்ந்த வெள்ளை மணல். மணலில் உடைந்த சிப்பி, பவளப்பாறைத் துண்டுகள். கருவாட்டு வாசனையும், வெயிலில் காய்ந்த பித்தளையின் வாசனையும் சேர்ந்து வந்தன.

வீட்டுப்பக்கமாக இன்னொரு மூன்று குழி இருந்தது. அதற்கும் இப்பால் இன்னொன்று.

அன்றைக்கே தூத்துக்குடிக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று சட்டையை மாட்டிக்கொண்டு ஏரலுக்கு நடந்தான். பிளாரன்சிடம் முதலில் சொல்ல வேண்டும், பிறகு ஆபீஸில். தூங்கவில்லை, அடித்தான், நான்தான் பார்க்கவில்லை. இல்லை, பார்த்தேன். கடைத்தெருவில் பஸ் நின்றிருந்தது. பெட்ரோலுக்குப் பதிலாகப் பின்னால் மாட்டிய கரி வாயு அடுப்பின் விசிறியை ஒருவன் சுற்றிக்கொண்டிருந்தான். தளவாய் படியில் காலை வைத்தான். விலங்கு, கோர்ட், அப்புறம் தெருவில் பேச்சித்தாய் தலையைக் குனிந்துகொண்டு நடப்பது எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"ஏறுதியளா, இல்லியா அண்ணாச்சி?" என்றான் கண்டக்டர்.

"நாளைக்கு வாரேன்" என்றான் தளவாய். தன்மேலேயே அவனுக்குக் காறித் துப்பலாம் போலிருந்தது. துப்ப எச்சில் இல்லை.

திரும்பி வரும் வழியில்தான் அந்த யோசனை தோன்றியது. அம்புரோஸுக்கு வேண்டியது பதில்தானே? பதில் கொடுத்துவிட்டால் போகிறது. அவனுக்கும் எனக்கும் உள்ள விஷயம் அவனோடு முடியட்டும். அவன் பெண்சாதிக்கும் ஆபீஸுக்கும் எதற்கு? நினைத்துப் பார்க்கப் பார்க்க அது நியாயமாகவே பட்டது.

வீட்டுக்கு வந்தபோது மணி மூன்று இருக்கும். ஜன்னல் சாத்தியிருந்தது. சாத்திய ஜன்னலுக்கு உட்புறம், சுவரில், சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்கு ஒரு வட்டம். தளவாய் மாடத்திலிருந்த கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு புறவாசலுக்கு ஓடினான். மேற்கே கூரைக்கு மேல் சூரியன். அதைக் கண்ணாடியில் பிடித்து, வாழைத் தோட்டத்தைப் பார்த்து, உள்ளங்கையால் மூடித் திறந்தான்.

ஒரு நெட்டை.

வாழை இலைகள் அசையாமல் நின்றன. ஓடி வந்து சுவரைப் பார்த்தான். வட்டம் இல்லை. சுவர் வெறும் சுவராக, காரை பெயர்ந்து, பல்லி ஒன்றோடு, எப்போதும்போல இருந்தது. தளவாய் அப்படியே சரிந்து உட்கார்ந்து அழுதான். அழுது முடித்ததும் பசித்தது. இத்தனை நாளுக்குப் பிறகு பசித்தது. இவ்வளவுதானா என்று நினைத்தான். இதை அன்றைக்கே செய்திருக்கலாமே என்றும் நினைத்தான்.

அப்போது சட்டையின் மேல் வெளிச்சம் விழுந்தது.

சுவரில் இல்லை. அவன் மேல். அவன் நகர்ந்தான், அதுவும் நகர்ந்தது. இனி அது தேடவில்லை.

குட்டை குட்டை நெட்டை குட்டை. குட்டை குட்டை. எழுத்துக்கள் நெஞ்சின் மேலேயே விழுந்தன, ஒவ்வொன்றும் சுட்டது. பினிஷ்ட். தீர்ந்துவிட்டது. நின்றது. காத்திருந்தது. மறுபடி புறவாசலுக்குப் போய்ப் பதில் கொடுத்தான். கொடுக்காமல் இருக்க முடியவில்லை. செய்தி முழுவதும் வந்து முடிந்தால் விட்டுவிடும் என்று நம்பினான். தண்ணீர் தீர்ந்துவிட்டது, அடுத்து 'தோணி அனுப்பு' என்றுதானே இருக்கும்?

மூன்றாம் வார்த்தை வந்தது. நெட்டை குட்டை நெட்டை குட்டை. நெட்டை நெட்டை நெட்டை. நெட்டை நெட்டை.

கமிங். வருகிறேன்.

கைக்கண்ணாடி கல்லில் விழுந்து உடைந்தது. தளவாய் உள்ளே ஓடினான். புறவாசல் கதவு. தாழ். தெருக்கதவு. தாழ். ஜன்னல் ஏற்கெனவே சாத்தியாயிற்று. நடு வீட்டில் இருட்டில் நின்றான். வாய்க்கால் சத்தம் கேட்கவில்லை. காற்றில்லை. பித்தளை வாசனை. நெஞ்சின் மேல் வட்டம். ஐந்து அங்குலம், கண்ணாடியின் சரி அளவு. அதன் நடுவே ஒரு கரும்பொட்டு.

குறி பார்க்கக் கண்ணாடியின் நடுவில் ரசம் சுரண்டிய இடம் அது. கையெட்டும் தூரத்தில்தான் அந்தப் பொட்டு விழும்.

அடுக்களையிலிருந்து பேச்சித்தாயின் குரல் கேட்டது. யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள்.

"குடிங்க. மெள்ள. இன்னும் வேணுமா?"

தளவாய் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். அடுக்களைக்கு ஜன்னல் கிடையாது. அடுப்பு அணைந்திருந்தது. சுவரோரம் ஒருவன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான், தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்து. காக்கிச் சட்டையில் உப்புப் பூத்திருந்தது. பேச்சித்தாய் குனிந்து சொம்பிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. விழுங்கும் சத்தம் இல்லை. தொண்டை அசையவில்லை. கீழே ஒரு சொட்டு இல்லை. இரண்டு குடம் கவிழ்ந்து கிடந்தது. மூன்றாவதைச் சாய்த்துச் சாய்த்துக் கடைசிச் சொம்பையும் எடுத்துவிட்டாள்.

"பொறவாசல்ல வந்து நின்னாரு, நீங்க ஏரலுக்குப் போயிருக்கையில" என்றாள் திரும்பாமல். "பேச முடியல, வாயத்தான் காட்டுனாரு. இம்புட்டு குடிச்சும் தாகம் அடங்கல, பாவம். ஒங்களத் தேடித்தான் வந்திருக்காருன்னு நெனைக்கேன். சட்ட ஒங்க சட்ட மாதிரியே இருக்கு. ஒங்களுக்குத் தெரியுமா இவர?"

'வருகிறேன்' என்று சொல்லும் முன்பே அவன் வந்துவிட்டிருந்தான். உட்கார்ந்திருந்தவன் தலையை நிமிர்த்தவில்லை. வளைந்த ஆள்காட்டி விரல் முழங்காலின் மேல் அசையாமல் இருந்தது. காத்திருந்தது.

சொல்லிவிடலாம். இப்போதுகூடச் சொல்லிவிடலாம். அம்புரோஸ். பேரை மட்டும் சொன்னால் போதும், மற்றதெல்லாம் பின்னாலேயே வந்துவிடும். தளவாய் வாயைத் திறந்தான். பேச்சித்தாய் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணில் அவன் மேல் இன்னும் மரியாதை இருந்தது.

"தெரியாது, ஏளா" என்றான்.

"யாரா இருந்தா என்ன, தாகம்னு வந்துட்டாரு. செத்த பாத்துக்கிடுங்க, ஆத்துக்குப் போயி ஒரு கொடம் எடுத்துட்டு வந்துருதேன்."

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவன் போட்டிருந்த தாழை நீக்கி, புறவாசல் வழியே இறங்கிப் போனாள். கதவு அவளுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது. வாழைச் சருகில் அவள் காலடிச் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

இருட்டில் சாய்ந்த தலை மெதுவாக அவன் பக்கம் திரும்பியது. திறந்த வாய் மூடவில்லை. அதற்குள் நாக்கு இருக்க வேண்டிய இடத்தில் உலர்ந்த வெள்ளை மணல் நிரம்பியிருந்தது. தளவாயின் உதடுகளின் மேல் வட்டமாகச் சூடு விழுந்தது. முழங்காலின் மேலிருந்த விரல் கீழே அழுந்தியது, முதல் வார்த்தையின் முதல் எழுத்திலிருந்து.

குட்டை.

நெட்டை.

நெட்டை.